காட்டுக்குப் போயிட்டு வரேன்!

கொரியர் பையன் வைத்துவிட்டுப் போன பார்சலைப் பிரித்ததும் எங்கள் செக்‌ஷனே எழுந்து நின்றுவிட்டது. உள்ளே ஒரு கத்தி. வெங்காயம் நறுக்குகிற கத்தி இல்லை சார்... ஒரு முழ நீளம். ஒரு பக்கம் கூர், மறு பக்கம் ரம்பப் பல். கைப்பிடியைத் திருகினால் உள்ளே ஊசி, நூல், தூண்டில் முள். மூடியில் ஒரு குட்டி காம்பஸ் வேறு. அது மானேஜர் அறையை வடக்கு என்று காட்டியது. (உண்மையில் தென்மேற்கு. வாஸ்து பார்த்து அவர் கேட்டு வாங்கிய அறை.)

பார்சலின் சொந்தக்காரன் எனக்கு அடுத்த சீட் தம்பி. வயது 27. பெயர் வேண்டாம், வீட்டில் மும்முரமாகப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"என்னப்பா, கசாப்புக் கடை வைக்கப் போறியா?"

"இல்லண்ணே. அடுத்த மாசம் அஞ்சு நாள் லீவு சொல்லியிருக்கேன். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குப் போறேன். தனியா!"

"சாப்பாடு?"

"காடே தரும்ணே."

"படுக்க?"

"ஏதாச்சும் குகை இருக்கும்."

"இதுக்கு முன்னாடி காட்டுக்குப் போயிருக்கியா?"

கொஞ்சம் யோசித்தான். "வண்டலூர் போயிருக்கேன்."

செக்‌ஷனே சிரித்தது. நானும்தான். அடுத்த பதிலில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"வீட்ல சொல்லிட்டியா?"

"சொன்னா விடுவாங்களா? பெங்களூர்ல ஆபீஸ் டிரெய்னிங்னு சொல்லியாச்சு. உங்க யார்கிட்டயும்கூட எந்தக் காடுன்னு சொல்லப் போறதில்லை. அப்பதாண்ணே த்ரில்!"

தம்பியைக் கேலி செய்ய நான் இதை எழுதவில்லை. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக எண்களை நிரப்பிக்கொண்டு, இ.எம்.ஐ. தேதியைக் கணக்குப் பண்ணிக்கொண்டு, 'பையனுக்குச் சொந்த வீடு இருக்கா?' என்ற கேள்விக்குப் பயந்துகொண்டு வாழ்கிற எந்த வாலிபனுக்கும், எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஒரு கத்தியோடு காட்டுக்குள் நுழைந்தால் என்ன என்று ஒரு நாளாவது தோன்றாமல் இருக்காது. போதாக்குறைக்கு பேர் கிரில்ஸ் டி.வி.யில் தமிழ் பேசிக்கொண்டே புழுவைத் தின்கிறார். 2020-இல் சூப்பர் ஸ்டாரே பந்திப்பூர் காட்டுக்குள் அவரோடு நடந்தார். அப்புறம் ரசிகன் நடக்காமல் இருப்பானா?

ஒன்றை மட்டும் மறந்துவிடுகிறோம். கிரில்ஸ் 'தனியாக' நடக்கும்போது எதிரே ஒரு கேமராமேன் பின்பக்கமாகவே நடக்கிறார். உண்மையில் அந்த ஷோவில் கஷ்டப்படுகிற மனிதர் அவர்தான் என்பது என் தாழ்மையான கருத்து.

எங்கள் பாட்டி இருந்தவரை, வாசல்படி இறங்கும்போது 'போறேன்' என்று சொல்லிவிட்டால் தொலைந்தோம். "போறேன்னு சொல்லாதேடா, போயிட்டு வரேன்னு சொல்லு" என்று உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் குடிக்க வைத்து, மறுபடி சொல்ல வைத்துத்தான் அனுப்புவாள். மூடநம்பிக்கை என்று நான் வாதம் பண்ணியிருக்கிறேன். தம்பி அன்றைக்கு 'போறேன்' என்று சொன்னபோது பாட்டி ஞாபகம் வந்தது. அவனைக் கான்டீனுக்கு இழுத்துக்கொண்டு போய், ரெண்டு டீ சொல்லி, ஒரு பஸ்ஸின் கதையைச் சொன்னேன்.

★

கிறிஸ்டோபர் மெக்கேன்ட்லெஸ், அமெரிக்கப் பையன். 1990-இல் எமரி யுனிவர்சிட்டியில் டிகிரி வாங்கினான். பாங்க்கில் இருந்த சுமார் 24,000 டாலரை அப்படியே தர்மத்துக்கு எழுதிக் கொடுத்தான். வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் காரில் கிளம்பினான். அரிசோனாவில் திடீர் வெள்ளத்தில் கார் மாட்டிக்கொள்ள, அதை அங்கேயே விட்டுவிட்டு, கையிலிருந்த நோட்டுகளைக் கொளுத்தினான். பெயரைக்கூட மாற்றிக்கொண்டான். இரண்டு வருஷம் நாடோடி. கிடைத்த வேலை, கிடைத்த சாப்பாடு. கடைசியாக அலாஸ்கா.

1992 ஏப்ரல் 28. ஹீலி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஸ்டாம்பீட் டிரெயில் என்றொரு பழைய பாதை. வழியில் அவனுக்கு லிஃப்ட் கொடுத்த ஒரு எலக்ட்ரீஷியன், பையனின் மூட்டையைப் பார்த்துப் பதறிப்போனார். சுமார் நாலரை கிலோ அரிசி. நம் வீடுகளில் ரெண்டு வாரத்துக்குக் காணாது. சின்னப் பிராணிகளைச் சுடுகிற ஒரு .22 துப்பாக்கி. நிறையப் புஸ்தகங்கள். காம்பஸ் இல்லை, கோடாலி இல்லை, சரியான வரைபடம் இல்லை. "வா, நல்ல சாமான் வாங்கித் தர்றேன்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். பையன் கேட்கவில்லை. தன் ரப்பர் பூட்ஸையும் மத்தியானச் சாப்பாட்டையும் கொடுத்து இறக்கிவிட்டார். பையன் தன் கைக்கடிகாரத்தை அவர் வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனான். இன்றைக்கு என்ன தேதி, மணி என்ன என்று தெரிந்துகொள்வதில்கூட அவனுக்கு இஷ்டமில்லை.

ஹீலியிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி, காட்டு நடுவில் ஒரு பழைய டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது. நம்பர் 142. ரோடு போடுகிற ஆட்கள் தங்குவதற்காக 1961-இல் இழுத்து வந்து விட்டது. உள்ளே படுக்கை, ஒரு அடுப்பு. அதுதான் வீடு.

தம்பி டீயை மறந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

முதல் ரெண்டு மாதம் மோசமில்லை. அணில், முள்ளம்பன்றி, பறவைகள், கிழங்கு. ஜூன் 9-ஆம் தேதி ஒரு மூஸை — நம்மூர் எருமையைவிடப் பெரிய மான் — சுட்டே விட்டான். நூற்றுக்கணக்கான கிலோ கறி. ஆனால் அதைக் கெடாமல் வைக்கத் தெரியவில்லை. புகை போட்டுப் பார்த்தான். ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டது. அலாஸ்காக்காரர்கள் கறியை மெல்லிய பட்டையாக அறுத்துக் காற்றில் உலர்த்துவார்கள். நம் பாட்டிகள் உப்புக்கண்டம் போடுகிற மாதிரிதான். அதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு உயிரை வீணாக்கிவிட்டோமே என்று டயரியில் மனசு உடைந்து எழுதியிருக்கிறான்.

ஜூலை 3. போதும் என்று தோன்றியிருக்கிறது. மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினான். ஆம், அவன் சாகப் போனவன் இல்லை, திரும்பி வரக் கிளம்பியவன்! ரெண்டு நாள் நடை. குறுக்கே டெக்லனிகா நதி. ஏப்ரலில் சிரமமில்லாமல் கடந்து வந்த அதே நதி, ஜூலையில் கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தது. நம் ஊர் ஆற்றில் கோடையில் மணல்தான் இருக்கும். பனிமலை ஆறுகள் நேர் எதிர். வெயில் ஏற ஏறப் பனி உருகி வெள்ளம் கூடும். பையன் பயந்துபோய்ப் பஸ்ஸுக்கே திரும்பினான்.

அந்த இடத்திலிருந்து ஒரு மைல்கூட இல்லை. ஆற்றின் போக்கில் கொஞ்ச தூரம் நடந்திருந்தால், நீர்மட்டம் அளக்கிறவர்களுக்காகக் கட்டிய இரும்புக் கம்பியும், அதில் தொங்குகிற கூடையும் இருந்தன. கூடையில் உட்கார்ந்து கம்பியை இழுத்தால் அக்கரை. நல்ல வரைபடம் ஒன்று பையில் இருந்திருந்தால் அந்த இடம் கண்ணில் பட்டிருக்கும்.

ஆகஸ்ட் 18 வாக்கில் இறந்துபோனான். 24 வயது. செப்டம்பர் 6-இல் வேட்டைக்குப் போனவர்கள் பார்த்தபோது உடம்பு 30 கிலோ. காட்டில் சுமார் 113 நாள் உயிரோடு இருந்திருக்கிறான். பஸ்ஸின் கதவில் உதவி கேட்டு ஒரு காகிதம்.

தின்ற விதையில் விஷம் இருந்ததா, வெறும் பட்டினியா என்று பெரிய பட்டிமன்றமே நடந்தது. நம் நாட்டில் கால்களை முடக்கிப்போட்ட கேசரிப் பருப்பில் இருக்கிற விஷம்தான் அந்த விதையிலும் என்று 2013-இல் ஒரு வாதம் வந்தது. அப்புறம் நடந்த சோதனைகளில் அது இல்லை, வேறொரு நச்சுப்பொருள் என்றார்கள். என்னைக் கேட்டால், விதை இருக்கட்டும். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்த ஒரே ஒரு ஆள், 'ஜூலை முடிஞ்சும் பையன் வரலையே' என்று தேடிக்கொண்டு போயிருந்தால், விதையைப் பற்றிப் பட்டிமன்றமே நடந்திருக்காது.

ஜான் கிராக்கோர் 1996-இல் இவனைப் பற்றிப் புஸ்தகம் எழுதினார். 2007-இல் சினிமாவும் வந்தது. அப்புறம் நடந்ததுதான் கொடுமை. பஸ்ஸைத் தரிசிக்க உலகமெங்குமிருந்து வாலிபர்கள் கிளம்பினார்கள். 2010-இல் ஒரு பெண், 2019-இல் இன்னொரு பெண், அதே நதியில் அடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். 2020 ஜூனில் ராணுவ ஹெலிகாப்டர் வந்து பஸ்ஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஃபேர்பேங்க்ஸ் மியூசியத்துக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

★

"அவன்கிட்ட சாமான் இல்லண்ணே. நான் பக்காவா ரெடி" என்றான் தம்பி. அவன் போனில் லிஸ்ட் இருந்தது. 42 ஐட்டம்.

ரெண்டாவது டீ சொன்னேன்.

சாமான் விஷயத்தில் கார்ல் மெக்கன்னை மிஞ்ச முடியாது. அவரும் அலாஸ்காதான். 35 வயது, போட்டோ பைத்தியம். 1981 மார்ச்சில் சின்ன விமானத்தில் போய் ஒரு ஏரிக்கரையில் இறங்கினார். 1,400 பவுண்டு சாமான், அதாவது சுமார் 635 கிலோ. ஐந்நூறு ரோல் பிலிம். துப்பாக்கிகள். ஆகஸ்ட் வரை தங்கி மிருகங்களைப் படம் பிடிப்பதாகத் திட்டம்.

ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். ஆகஸ்டில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று எந்தப் பைலட்டிடமும் உறுதியாகச் சொல்லி வைக்கவில்லை! சொன்னதாக ஒரு நினைப்பு. ஆகஸ்ட் வந்தது. விமானம் வரவில்லை. கொஞ்சம் முன்யோசனை இருந்திருக்க வேண்டும் என்று டயரியில் தன்னைத்தானே நொந்துகொண்டார்.

நடுவில் ஒரு சான்ஸும் வந்தது. ஒரு போலீஸ் விமானம் தலைக்கு மேலே வட்டமடித்தது. மெக்கன் துள்ளிக் குதித்தார். கிடைத்துவிட்டது விடுதலை என்ற சந்தோஷத்தில் ஒரு கையை முஷ்டியாக்கி உயர்த்தி ஆட்டினார். விமானம் போய்விட்டது. திரும்பி வரவேயில்லை. சில நாள் கழித்து, தன்னிடமிருந்த வேட்டை லைசென்ஸின் பின்பக்கத்தை எதேச்சையாகப் படித்தால், அங்கே படம் போட்டு அச்சடித்திருக்கிறது: ஒரு கையை உயர்த்தினால் 'எல்லாம் சௌக்கியம்'. இரண்டு கையையும் உயர்த்தினால்தான் 'காப்பாற்று'!

கடைசியில், பட்டினியும் குளிரும் தாங்க முடியாமல் அவரே தன் உயிரை முடித்துக்கொண்டார். பிப்ரவரியில்தான் கண்டுபிடித்தார்கள்.

தம்பி மெதுவாக இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தான். கான்டீன் பையன் 'பில்லா சார்?' என்று ஓடி வந்தான்.

"ரெண்டு பேருக்குமே அனுபவம் பத்தலண்ணே" என்றான். பையன் லேசில் விடுகிறவன் இல்லை.

சரி, அனுபவசாலியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரன் ரால்ஸ்டன். நம்மைப் போல ஆபீஸ்காரர்தான். இன்டெல் கம்பெனியில் இன்ஜினீயர், வேலையை விட்டுவிட்டு மலையேறப் போனவர். கொலராடோவின் உயரமான சிகரங்களைக் குளிர்காலத்தில், தன்னந்தனியாக ஏறிப் பழகியவர். 2003 ஏப்ரல் 26, யூட்டா மாநிலத்தில் ஒரு குறுகலான பாறை இடுக்குக்குள் இறங்கினார். சும்மா ஒரு பகல் நேர நடைதானே என்று எங்கே போகிறோம் என்பதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சுமார் 360 கிலோ பாறை உருண்டு வலது கையைச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாள். வேலைக்கு ஆள் வரவில்லையே என்று கடைசியில் தேட ஆரம்பித்தார்கள், ஆனால் எந்தத் திசையில் தேடுவது? அவரே மொட்டைக் கத்தியால் தன் கையை அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். 127 மணி நேரம். அந்தப் பெயரிலேயே 2010-இல் வந்த படத்துக்கு இசை நம்ம ஏ.ஆர். ரஹ்மான்.

சாமான் இல்லாதவன், சாமான் குவித்தவர், கரை கண்ட அனுபவசாலி. மூன்று பேரிடமும் இல்லாமல் போனது பாட்டி வாசலில் நிறுத்திச் சொல்ல வைத்த அந்த இரண்டாவது பாதிதான். 'வரேன்!' அபிமன்யு கதையும் இதேதானே? உள்ளே போகிற பாடம் மட்டும் படித்தவன்.

★

இவ்வளவு வியாக்கியானம் பண்ணுகிற எனக்கும் ஒரு வெட்கக்கேடு உண்டு. காலேஜ் மூன்றாம் வருஷம். கொடைக்கானல் டூர். லாட்ஜில் நண்பர்கள் குறட்டை விட, காலையில் தனியாக 'சும்மா ஒரு ரவுண்டு' கிளம்பினேன். ஜீன்ஸ், காட்டன் சட்டை, ஒரு பிஸ்கட் பாக்கெட். ஒற்றையடிப் பாதை ரெண்டாகப் பிரிந்தது. மறுபடி பிரிந்தது. மஞ்சு இறங்கியது. மழை. திரும்பினால் வந்த பாதையைக் காணோம்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு விசித்திரம் நடந்தது. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. அதைவிட விசித்திரம், அதைப் பற்றி எனக்குக் கவலையே வரவில்லை. ஒரு பாறையில் சாய்ந்து தூங்கலாம் போல சுகமாக இருந்தது. குளிர் ஆளைக் கொல்ல ஆரம்பிக்கும் லட்சணமே அதுதான் என்று பின்னால் படித்தேன். முதலில் விரல், அப்புறம் புத்தி. அதற்குப் பனி பெய்ய வேண்டும் என்பதில்லை. பத்து டிகிரி, நனைந்த ஜீன்ஸ், கொஞ்சம் காற்று போதும். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

விறகு சுமந்து வந்த ஒரு பெரியவர் பார்த்துவிட்டார். தன் கம்பளியைப் போர்த்தி, தோளைப் பிடித்து உலுக்கினார்.

"யாருகிட்டப்பா சொல்லிட்டு வந்தே?"

"யார்கிட்டயும் இல்லை."

"அப்ப உன்னை யாரு தேடுவா?"

ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

"போகவே வேண்டாங்கிறீங்களா?" என்றான் தம்பி. குரல் இறங்கியிருந்தது.

"போ. கண்டிப்பாப் போ. ஆனா வண்டலூருக்கும் அமேசானுக்கும் நடுவுல நாலஞ்சு ஸ்டாப்பிங் இருக்கு. ஒவ்வொண்ணா இறங்கி ஏறு."

முதலில் சட்டம். காப்புக்காடு, சரணாலயம் எதிலும் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். நெருப்பு மூட்டுவது அதைவிடப் பெரிய குற்றம். குகையில் படுத்துக்கொள்கிறேன் என்றால் கரடி எழுப்பாவிட்டால் ஃபாரஸ்ட் கார்டு எழுப்புவார். இது வெறும் காகிதச் சட்டம் இல்லை. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மலையேற்றக் குழுக்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். பலர் நம்மைப் போல லீவு நாளில் கிளம்பிய ஆபீஸ்காரர்கள். காய்ந்த புல் மலைச்சரிவில் தீ ஓடுகிற வேகத்துக்கு மனிதன் மேட்டில் ஓட முடியாது. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குக் கறாரான விதிகள் வந்தன. 2024-இல் வனத்துறையே 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாகக் கூட அனுப்ப ஆரம்பித்தது. அவர்களோடு ஒரு நாள் நடந்தால் டி.வி.யில் பத்து வருஷம் பார்த்ததைவிட அதிகம் தெரிந்துகொள்ளலாம். யானை எங்கே நின்றிருக்கிறது என்பதை அவர்கள் மூக்காலேயே சொல்கிறார்கள்.

2022 பிப்ரவரியில் கேரளத்து மலம்புழாவில் ஒரு வாலிபர் செங்குத்துப் பாறை இடுக்கில் 45 மணி நேரம் மாட்டிக்கொண்டது ஞாபகமிருக்கிறதா? சோறில்லை, தண்ணீரில்லை. ஆனால் கூட வந்த நண்பர்களுக்கு இடம் தெரியும். அவரும் போனில் படம் எடுத்து அனுப்பிவிட்டார். ராணுவம் கயிறு கட்டி இறங்கித் தூக்கிவிட்டது. ரால்ஸ்டனின் ஐந்து நாளையும் இந்த இரண்டு நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து, பயத்தின் வரிசை. நமக்குப் புலி முதலில் வரும், பசி இரண்டாவது. நிஜத்தில் பசி கடைசி. மூச்சில்லாமல் மூன்று நிமிஷம், கடும் குளிரில் ஒதுங்க இடமில்லாமல் மூன்று மணி நேரம், தண்ணீரில்லாமல் மூன்று நாள், சோறில்லாமல் மூன்று வாரம் — காடு தெரிந்தவர்களின் உத்தேசக் கணக்கு இது. ரெண்டு நாள் வழி தவறியவன் புழுவைத் தேடித் தின்ன வேண்டிய அவசியமே இல்லை. மழை படாத இடமும் தண்ணீரும்தான் தேட வேண்டும். ஓடை நீர் எவ்வளவு பளிங்காக இருந்தாலும், கொதி வந்து ஒரு நிமிஷம் தளதளக்க விட்டுத்தான் குடிக்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிஷம்.

வழி தவறிவிட்டது என்று தெரிந்த அடுத்த வினாடி செய்ய வேண்டியது, உட்காருவது. நிஜமாகவே உட்காருவது. நான் அன்றைக்கு நடந்துகொண்டே இருந்தேன். ஒவ்வொரு அடியும் என்னைத் தேடக்கூடியவர்களிடமிருந்து தள்ளிக்கொண்டே போனது. கழுத்தில் ஒரு விசில் தொங்கட்டும், நிமிஷத்துக்கு ஆறு முறை, அப்புறம் ஒரு நிமிஷம் மௌனம், மறுபடி ஆறு. மலையேறிகளின் ஆபத்து சிக்னல் அது. தொண்டை கட்டிப்போனாலும் விசில் ஊதும். பாம்பு கடித்தால் சினிமா ஹீரோ மாதிரி வாயை வைத்து உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கத்தியால் கீறுவது, மூன்றும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், ஆஸ்பத்திரிக்கு. மருந்து அங்கேதான் இருக்கிறது. தனியாகப் போனவனை ஆஸ்பத்திரிக்கு யார் தூக்குவது என்பது மறுபடி பெரியவரின் கேள்விதான்.

டவர் இல்லாவிட்டாலும் போனில் ஜி.பி.எஸ். வேலை செய்யும். மேப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்க மச்சான் வாங்கி வரும் சாட்டிலைட் மெசேஞ்சரை மட்டும் நம்பாதீர்கள். நம் நாட்டில் அனுமதியில்லாமல் அதை வைத்திருந்தால் காட்டுக்குப் போவதற்கு முன்னால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருக்கும்.

★

தம்பியின் முதல் வனவாசம் குரோம்பேட்டை மொட்டை மாடியில் நடந்தது. தார்ப்பாய், கயிறு, நாலு லிட்டர் தண்ணீர், ஒரு நாள் முழுக்கக் கீழே இறங்கக் கூடாது. சிரிக்காதீர்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு மழை வந்தது. அவன் போட்ட முடிச்சு அவிழ்ந்து தார்ப்பாய் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது. கொசு தன் கடமையைச் செய்தது. மறுநாள் மத்தியானமே தண்ணீரில் மூன்று லிட்டர் காலி. "நான் சும்மா உக்காந்துதாண்ணே இருந்தேன்!" என்றான் ஆச்சரியமாக. மலையேறினால் எவ்வளவு ஆகும் என்று அவனே கணக்குப் போட்டுக்கொண்டான்.

ரெண்டாவது, ராஜபாளையம் பக்கம் தாய்மாமாவின் தென்னந்தோப்பு. காவல்காரப் பெரியவர் துணையோடு ஒரு ராத்திரி. உரசினால் பொறி பறக்கிற அந்தக் குச்சியை வைத்து நெருப்பு மூட்ட ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆனது. பெரியவர் பீடிக்கு வைத்திருந்த தீப்பெட்டி ஒரு வினாடி. (இப்போது அவன் பையில் மூன்று தீப்பெட்டி, மூன்று பிளாஸ்டிக் கவரில், மூன்று வெவ்வேறு பாக்கெட்டில்.) அந்த மகா கத்தியால் தேங்காய் உரிக்கப் போனான். கைப்பிடி ஒரு கையில், கத்தி வேறொரு தென்னை மரத்தடியில்! கைப்பிடிக்குள் ஊசி நூல் வைக்க இடம் விட்டால், இரும்பு எங்கே இருக்கும்? பெரியவர் அரிவாளை எடுத்து நாலே கொத்தில் உரித்துக் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டாராம். அந்த மௌனம்தான் ரொம்ப வலித்தது என்றான்.

மூன்றாவது, வனத்துறை வழிகாட்டியோடு ஒரு பகல் நடை. லிஸ்ட்டில் 42 ஐட்டம் 15 ஆனது அதற்குப் பிறகுதான். போர்வையும் மழைக்கோட்டும் மேலே ஏறின. தூண்டில் முள் விழுந்தது.

நாலாவதாகத்தான் தனிமை. காடு இல்லை. அதே தோப்பு. மலையடிவாரம், போன் டவர் கிடையாது. காவல்காரருக்கு லீவு. இரண்டு ராத்திரி, மூன்று பகல். கிளம்புவதற்கு முந்தின நாள் என் டேபிளில் ஒரு காகிதம் வைத்தான். எந்தத் தோப்பு, எப்படிப் போவது, எந்த மூலையில் தார்ப்பாய், மாமா நம்பர், சட்டைக் கலர், சாப்பிடுகிற மாத்திரை எல்லாம் இருந்தது. கடைசி வரி: 'ஞாயிறு சாயங்காலம் 6 மணிக்குள் மெயின் ரோட்டுக்கு வந்து போன் செய்வேன். 8 மணி வரை வரவில்லை என்றால் மாமாவுக்கு போன் போடவும். வெட்கப்பட வேண்டாம்.'

"வீட்ல?"

"சொல்லிட்டேண்ணே."

"அம்மா அழுதாங்களா?"

"இல்லண்ணே. புளியோதரை கட்டிக் குடுத்தாங்க."

ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரை மணியிலிருந்தே போன் என் மடியில். ஆறு. ஆறேகால். டி.வி.யில் என்ன படம் ஓடியது என்று இப்போது கேட்டால் தெரியாது. ஆறரைக்கு அந்தக் காகிதத்தை எடுத்து மாமா நம்பரை இரண்டு முறை படித்தேன். என் மனைவி, "எட்டு மணின்னுதானே எழுதியிருக்கான்?" என்றாள். தெரியும். தெரிந்தும் நம்பரில் பாதி அழுத்திவிட்டேன்.

ஆறு நாற்பதுக்கு மணி அடித்தது.

"அண்ணே, நான்தான். நடந்து வர்றதுக்குள்ள லேட்டாயிடுச்சு. நல்லா இருக்கேன்."

"எப்படிடா இருந்துச்சு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் ஏதோ பஸ் ஹாரன்.

"ராத்திரி ரொம்ப நீளம்ணே" என்றான்.

"நாளைக்கு லீவா?"

"இல்லண்ணே. வரேன்."